ஊசிக்கோரை சாகவில்லை

1986 நவம்பர் 13, வியாழன்

விடியலில் தூறல். ஏழு மணிக்கு நின்றது. சைக்கிள் பின் டியூப் மறுபடி காற்று போய்விட்டது. பழங்காநத்தம் கடையில் ஒட்டுப் போட்டு, சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர ஒன்பதரை. சோழவந்தான் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம்.

இன்றைய வேலை:
1. விவசாய டிப்போவில் யூரியா இருப்பு பார்த்தல்.
2. தென்கரைப் பக்கம் இலைச்சுருட்டுப் புழு.
3. சின்னக்கண்மாய்ப்பட்டி, வீரணன் வயல். களை மருந்து அடித்துப் பதினோராம் நாள்.

முதல் இரண்டும் நடக்கவில்லை. மூன்றாவதிலேயே பொழுது போய்விட்டது.

வீரணன் வயல், நான் ஊருக்குச் செய்துகாட்டும் மாதிரி வயல். எட்டு வருஷத்துக்கு முன்னால், நான் விவசாய ஆபீசராக இந்தப் பக்கம் வந்த புதிதில், களை மருந்தை முதலில் அடித்துக் காட்டியது அங்கேதான். ஊரே வரப்பில் நின்று பார்த்தது. பத்து நாளில் கோரை முறுக்கிக்கொண்டு பழுத்துச் சேற்றோடு படிந்தது. “இனிமே களையெடுக்க ஆள் தேடி அலைய வேண்டாம்” என்று மைக்கில் சொன்னவன் நான். அன்றிலிருந்து வருஷம் இரண்டு போகம், போகத்துக்கு ஒரு தடவை, அதே மருந்து. ஒரு போகம் தவறியதில்லை.

இன்று பார்த்தால் வயல் முழுக்க ஊசிக்கோரை. நெல்லுக்குச் சமமாக, நல்ல பச்சையில்.

வீரணன் வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. பேசினால் ஊர் கேட்கும் ஆள். இன்று குரலே எழவில்லை.

“பதினோரு நாளாச்சு சார். ஒரு தாளு கருகியிருக்கா பாருங்க.”

மருந்தில் கோளாறா? அதே லாட்டு மருந்தைத்தான் பக்கத்து ஊர்களிலும் அடித்திருக்கிறார்கள். அங்கெல்லாம் செத்திருக்கிறது. மழை கழுவிவிட்டதா? அடித்த அன்றும் மறுநாளும் நல்ல வெயில். என் குறிப்பிலேயே இருக்கிறது. தண்ணீரை வடித்துவிட்டுத்தான் அடித்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது அடித்த கை. சோலை.

காலனியைச் சேர்ந்தவன். இந்த ஆயக்கட்டு வயல்களுக்கெல்லாம் மருந்தடிப்பவன் அவன்தான். முதுகில் மாட்டி அடிக்கும் சொந்த டேங்கு வைத்திருக்கிறான். கலக்கும் அளவு, காற்றடிக்கும் பக்கம், நுனிக்குழாயை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது.

வீட்டுக்கு வர எட்டு மணி. கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்துக்கொண்டு படுத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

விடுமுறை. ஆனாலும் வீரணன் ஆள் அனுப்பியிருந்தார். போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

ஊர்ச் சாவடியில் பஞ்சாயத்து, முப்பது நாற்பது பேர். எனக்கு நாற்காலி. சோலை கீழே மண்ணில் நின்றான்.

வீரணன் சொன்னார்: “பொடியில பாதிய வெளிய வித்துட்டு மிச்சத்த அடிச்சிருக்கான். வேற என்னாத்துக்குச் சாகாம நிக்கிது?”

“இல்லீங்கய்யா. பொட்டலம் பூராத்தையும் கலந்தேன். எம் பொண்டாட்டிதேன் தண்ணி தூக்கி ஊத்துச்சு. அவளக் கேளுங்க.”

“பொண்டாட்டிதேன் சாட்சியாம்ல!” யாரோ சொல்ல, சிரித்தார்கள்.

அப்புறம் ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க படிச்சவுக. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சரியாக் கலந்து அடிச்சிருந்தா கோரை செத்திருக்குமா, செத்திருக்காதா?”

“சரியாக் கலந்திருந்தா செத்திருக்கும்.”

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் அவர்களுக்கும் தேவைப்படவில்லை.

ஊர் முன்னால் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். விழுந்தான். விழும் முன் என்னை ஒரு தடவை பார்த்தான். டேங்கை வாங்கிச் சாவடி மூலையில் வைத்துவிட்டார்கள். இனி இந்த ஆயக்கட்டில் அவன் எந்த வயலிலும் இறங்கக் கூடாது.

பஸ்ஸில் வரும்போது என் வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொய் இல்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது அதுதான். புத்தகத்தில் உள்ளதும் அதுதான்.

மனைவி மங்கை ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன். கோபப்படவில்லை. “முகம் ஏன் இப்படி இருக்கு?” என்றாள். பல் வலி என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

சின்னக்கண்மாய்ப்பட்டி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் இருளாயி நின்றாள். சோலையின் மனைவி. கையில் கதிரரிவாள். புல்லுக்குப் போகிறாள். பயந்தேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை.

“அவரு ஊர விட்டுப் போயிட்டாரு. கல்லுப்பட்டிப் பக்கம் எங்க அண்ணே கெணறு வெட்டுறாக. அங்கிட்டுப் போயிட்டாரு. அம்பத்தஞ்சு வயசுல பாறை ஒடைக்க.”

பையைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றேன்.

“ஒண்ணு கேக்கவா சார்? நீங்க வயலுக்குள்ள எறங்கிப் பாத்தீகளா, வரப்புல நின்னு பாத்தீகளா?”

“வரப்பிலிருந்துதான்.”

“எறங்கிப் பாருங்க. கரிசலாங்கண்ணி செத்துருக்கா இல்லையான்னு பாருங்க. ஆரைக்கீரை கருகிருக்கா இல்லையான்னு பாருங்க. அம்புட்டும் செத்துருச்சு. இந்த ஊசிக்கோரை ஒண்ணுதேன் நிக்கிது. மருந்து பாதியாயிருந்தா எல்லாத்துக்கும் பாதிதான? கரிசலாங்கண்ணிக்கு முழுசு, கோரைக்குப் பாதின்னு எம் புருசன் பிரிச்சுப் பிரிச்சா அடிச்சாரு?”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். சாலையில் ஒரு லாரி செங்கல் ஏற்றிக்கொண்டு போனது. அது மறையும் வரை அங்கேயே நின்றிருந்தேன்.

நவம்பர் 19, புதன்

செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினேன். மூன்று இடத்தில், நாலு முழம் சதுரத்துக்குக் கயிறு கட்டிப் பார்த்தேன்.

செத்தவை: கரிசலாங்கண்ணி, ஆரைக்கீரை, வட்டக்கோரை. தண்டு முறுக்கி, அழுகி. மருந்து முழு அளவில் பட்டதற்கு எல்லா அடையாளமும்.

நிற்பவை: ஊசிக்கோரை. சிலதில் நுனி லேசாக வளைந்து, பிறகு நிமிர்ந்து புதுத் தாள் விட்டிருக்கிறது.

மருந்து பட்டிருக்கிறது. பட்டும் சாகவில்லை.

இருளாயி களையெடுக்கும் கூட்டத்துக்குத் தலைமையாக இருந்தவள். எட்டு வருஷத்துக்கு முன் ஒரே நாளில் அந்தப் பதினைந்து பெண்களுக்கும் வேலை போனது. மைக்கில் நான் பேசிய அதே நாள். இன்றைக்கு ஒரு பார்வையில் அவள் கண்டதை, பட்டயப் படிப்புப் படித்த நான் காணவில்லை. பார்க்கவே இல்லை, அதுதான் உண்மை.

மாலை வீட்டில் யோசித்துக்கொண்டே இருந்தேன். கொசு மருந்து அடிக்க வருகிற ஆட்கள் இரண்டு வருஷமாகச் சொல்கிறார்கள்: “முன்ன மாதிரிச் சாக மாட்டேங்குது சார்.” வீட்டுச் சொந்தக்காரர் அவர்களை வாசலில் நிறுத்தித் திட்டுவார், மருந்தில் தண்ணீர் கலக்கிறீர்கள் என்று. நானும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதே கதையா இது? எழுதிப் பார்க்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன் அந்த வயலில் லட்சக்கணக்கில் ஊசிக்கோரை. அதில் எங்கோ ஒன்றிரண்டு, மருந்தைத் தாங்கும் பிறவி. பார்வைக்கு மற்றதைப் போலத்தான். மருந்து மற்றதையெல்லாம் கொன்றது. அந்த ஒன்றிரண்டுக்கு இடமும் வெயிலும் உரமும் மிச்சமானது. விதை போட்டது. அடுத்த போகம் ஒரு கைப்பிடி. மறுபடி அதே மருந்து. அதற்கடுத்த போகம் ஒரு பாத்தி. மருந்து அதை உண்டாக்கவில்லை. பொறுக்கி எடுத்தது. களையெடுக்கும் கை வயலில் இருந்திருந்தால் அந்த ஒன்றிரண்டையும் பிடுங்கிப் போட்டிருக்கும். அந்தக் கையை வேண்டாம் என்றது நான்.

இது சரியென்றால் சோலை குற்றமற்றவன்.

சரியென்று எப்படி நிரூபிப்பது?

நவம்பர் 23, ஞாயிறு

வெயில். பல் பிடுங்கியாகிவிட்டது. பஞ்சோடு பேச்சு.

தொட்டி எட்டு. நாலில் வீரணன் வயல் மேல்மண். நாலில் கண்மாய்க்கு அந்தப் பக்கத்து மண். அங்கே காலனிக்காரர்கள் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுகிறார்கள், களை மருந்து ஒரு தடவைகூடப் பட்டதில்லை. எல்லாம் கையால் எடுப்பதுதான். மண்ணுக்குள் களை விதை எப்படியும் இருக்கும். ஈரம் காயாமல் வைத்தால் தானாக முளைக்கும். முளைத்ததும் ஒரே மருந்து, ஒரே அளவு, என் கையால்.

மண் கேட்க நேற்றுக் காலனிக்குப் போனேன். இருளாயிதான் வயலைக் காட்டினாள்.

“எங்க மண்ணு எதுக்கு சார்?”

“ஒரு சோதனைக்கு.”

“யாரச் சோதிக்க?”

நான் சாக்கில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தேன். அவளும் பிறகு குனிந்து ஒரு கை அள்ளிப் போட்டாள்.

மொட்டைமாடியில் வரிசையாக வைத்தாயிற்று. வீட்டுக்காரர் வந்து பார்த்தார். “ரோஜாவா சார்?” களை என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 2, செவ்வாய்

முளைத்துவிட்டது. எட்டிலும். தலைமயிர் மாதிரி மெல்லிய பச்சை. தொட்டியைச் சுற்றிப் பழைய சேலை கட்டியிருக்கிறேன், அணில் தோண்டுகிறது.

வயல் செய்தி: வீரணன் களையெடுக்க ஆள் கூப்பிட்டிருக்கிறார். காலனியிலிருந்து ஒருத்தியும் போகவில்லை. வெளியூரிலிருந்து ஐந்தாறு பேர் வந்து கால் வயல் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கோரை பூவெடுத்துவிட்டது. நெல் வெளுத்துக் கிடக்கிறது. வீரணன் என்னோடு பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் போனார்.

மங்கை இன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மாடிக்கு வந்தாள். திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் கட்டு கையில். எல்லாம் சொன்னேன். சாவடி, நான் சொன்ன வார்த்தை, சோலை விழுந்தது. பதினாறு நாளாக மறைத்தது.

தாள் கட்டைக் கீழே வைத்தாள். பிறகு: “தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல? போய்ச் சொல்ல வேண்டியதுதானே?”

“நிரூபணம் இல்லாம எப்படிச் சொல்றது? இன்னும் மூணு வாரத்துல தெரிஞ்சிரும்.”

“அந்த ஆளு மேல தப்புன்னு சொன்னீங்களே, அதுக்கு எத்தனை தொட்டி வச்சீங்க?”

கீழே போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. ஆனாலும் நாளைக்கே போக மனம் துணியவில்லை. வெறும் வாயோடு போனால் என்னைப் பார்த்தும் சிரிப்பார்கள் என்ற பயம். அவனைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு வராத பயம்.

டிசம்பர் 12, வெள்ளி

தெளிவான வானம். காற்று இல்லை. காலை எட்டு மணிக்கு மருந்து அடித்தேன்.

பொடியை ஆபீஸ் சோதனைத் தராசில் நிறுத்தேன். இரண்டு தடவை. தண்ணீர் அளந்து. கைத்தெளிப்பானைக் கழுவி, காய வைத்து. மூன்று மூன்று தொட்டிக்கு மருந்து. ஒவ்வொரு மண்ணிலும் ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒப்புப் பார்க்க. தொட்டி அடியில் சுண்ணாம்பால் வீரணன் மண்ணுக்கு வீ, காலனி மண்ணுக்குக் கா என்று குறி.

அடிக்கும்போது ஒன்று தோன்றியது. இவ்வளவு கவனத்தோடு ஒரு நாளும் வயலில் நான் அடித்ததில்லை. சோலை அடிப்பான். பொட்டலத்தைத் தட்டித் தட்டி, உள்தாளையும் தண்ணீரில் அலசி ஊற்றுவான். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சாவடியில் அது ஞாபகம் வரவில்லை.

மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொன்னேன். “எட்டுத் தொட்டிய வச்சு என்னத்தய்யா எழுதுறது? சீசன் முடியட்டும்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

கா தொட்டிகள்: மூன்றிலும் கோரை முறுக்கிப் படுத்துவிட்டது. அடி பழுப்பு.

வீ தொட்டிகள்: இரண்டில் நிமிர்ந்து நிற்கிறது. மூன்றாவதில் பாதி வளைந்திருக்கிறது. சாகுமா எழுமா தெரியவில்லை.

வெறும் தண்ணீர்த் தொட்டி இரண்டும் பசேலென்று.

பாலுக்குச் சொல்ல வேண்டும். சலவைக்காரரிடம் வெள்ளைச் சட்டை இரண்டு.

டிசம்பர் 26, வெள்ளி

கா: அத்தனையும் செத்தது. கையால் இழுத்தால் அழுகிக் கையோடு வருகிறது.

வீ: முதல் இரண்டிலும் நிற்கிறது, புதுத் தாள் விட்டிருக்கிறது. மூன்றாவதில் பாதி செத்தது, பாதி எழுந்துவிட்டது.

ஒரே மருந்து. ஒரே நாள். ஒரே கை. அதுவும் என் கை.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். தொட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம். மங்கை வந்து பார்த்தாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

வீரணனை வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் விட்டிருந்தேன். வருவார் என்று நம்பவில்லை. பதினோரு மணிக்கு வந்தார். மாடி ஏறி மூச்சு வாங்கினார்.

எல்லாம் காட்டினேன். குனிந்து உட்கார்ந்து, தன் வயல் மண்ணில் நின்ற கோரையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார். பிறகு மற்ற மண்ணில் செத்துக் கிடந்ததை.

“அப்ப எம் மண்ணுல கோளாறா?”

“மண்ணுல இல்லண்ணே. விதையில. மருந்துக்குச் சாகாத சாதி மட்டும் உங்க வயல்ல மிஞ்சிருச்சு. மத்ததெல்லாம் நாமளே கொன்னுட்டோம்.”

“நீங்க சொன்ன மாதிரிதேன சார் அடிச்சோம்?”

“ஆமா.”

“ஒரு போகமும் விடாம.”

“ஆமாண்ணே. விட்டிருக்கணும். மருந்த மாத்தியிருக்கணும், நடுவுல கைக்களை எடுத்திருக்கணும். எனக்கே தெரியல.”

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். படவில்லை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

“அவன் எங்கப்பா காலத்துலருந்து எங்க வயல்ல வேல பாத்தவன் சார். நான் பம்புசெட்டுத் தொட்டியில முங்கினப்ப இழுத்துப் போட்டவன்.”

போகும்போது இனி என்ன செய்யலாம் என்று கேட்டார். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: நாலைந்து போகத்துக்கு அந்த மருந்தைத் தொடக் கூடாது. உழவுக்கு முன் தண்ணீர் விட்டுக் களையை முளைக்கவைத்து மடக்கி உழ வேண்டும். ஒரு போகம் நெல்லை விட்டு உளுந்து. கையால் இரண்டு களை, கோரை பூவெடுக்கும் முன்னால். கடைசி வரியைப் படித்துவிட்டு, “கை எங்கிட்டு இருக்கு?” என்றார்.

டிசம்பர் 29, திங்கள்

சாவடியில் சொல்லிவிட்டேன். இரண்டு தொட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சொன்னேன்: மருந்தில் குறையில்லை, கலந்ததில் குறையில்லை, சோலை மேல் தப்பில்லை, நான் சொன்னது தவறு.

கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். “அப்பச் சரி, விடுங்க” என்றார் பெரியவர். “டேங்க அவன் வீட்டுல குடுத்துரச் சொல்லுவோம்.” பிறகு பேச்சு கால்வாய் முறைத் தண்ணீருக்குப் போய்விட்டது.

இவ்வளவு லேசா? அன்றைக்கு அரை நாள் நடந்தது. இன்றைக்கு ஒரு பீடி தீரும் நேரம்.

இருளாயி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வாசலில் டேங்கு ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது.

“என்ட்ட எதுக்குச் சொல்றீக? எனக்குத் தெரியாததா? அவருட்டப் போய்ச் சொல்லுங்க.”

ஊர் பெயர், அண்ணன் பெயர் எல்லாம் சொன்னாள். வீரணன் காலையில் வந்து களையெடுக்கக் கூப்பிட்டாராம். நேரில், காலனிக்குள். “மிச்சமிருக்க கோரை கீழ் வயலுக்கும் வெத தள்ளும்ல, அதுக்காகப் போறோம். அவுகளுக்காக இல்ல” என்றாள். நாளை இறங்குகிறார்கள்.

1987 ஜனவரி 3, சனி

பழங்காநத்தத்திலிருந்து காலை பஸ். திருமங்கலம் தாண்டினதும் கரிசல் காடு. பருத்தி வெடித்துக் கிடக்கிறது. டி.கல்லுப்பட்டியில் இறங்கி மூன்று மைல் நடந்தேன். வெயில் உறைக்கவில்லை, காற்றில் புழுதி.

கிணறு ஏழெட்டு ஆள் ஆழம். மேலே உருளையில் கயிறு, கீழே சம்மட்டிச் சத்தம். இருளாயியின் அண்ணன் என்னை யாரென்று கேட்டுவிட்டு, உள்ளே குனிந்து கூப்பிட்டார். “மாப்ள! மதுரையிலருந்து ஒருத்தர் வந்துருக்காரு.”

சத்தம் நின்றது. கல் அள்ளும் கூடையில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார் சோலை. புருவத்திலும் மீசையிலும் கல் தூசி. உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது.

“உக்காருங்கண்ணே” என்று வாயில் வந்துவிட்டது. எட்டு வருஷமாக ‘நீ’, ‘சோலை’ என்றே கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

சொன்னேன். தொட்டி, மருந்து, எந்தக் கோரை செத்தது, எது சாகவில்லை. தலையைக் குனிந்து கேட்டார். ஆச்சரியமே இல்லை முகத்தில்.

“எனக்கு முன்னாடியே தெரியும் சார். மூணு நாலு போகமாவே ஒண்ணு ரெண்டு சாகாம நின்னுச்சு.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“யாருட்டச் சொல்ல? சொன்னா, நீ ஒழுங்கா அடிக்கலடாம்பாக. அதுனால நின்னத நானே புடுங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் எறிஞ்சிருவேன். போன போகத்துல நெறைய நின்னுச்சு. எம்புட்டத்தேன் ஒருத்தன் புடுங்குறது?”

அந்தப் பயத்தில் மறைத்தது. மூன்று போகத்துக்கு முன்னால் இவர் வந்து என்னிடம் சொல்லியிருந்தால் வயல் தப்பித்திருக்கும். நான் என்ன சொல்லியிருப்பேன்? அதைத்தான் சொல்லியிருப்பேன், ஒழுங்காக அடி என்று.

“ஊருல சொல்லிட்டேண்ணே. சாவடியில, போன திங்கக்கிழமை. உங்க மேல தப்பில்லன்னு.”

முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

“நான் இல்லாதப்பவா?”

தலையை ஆட்டினேன்.

“என்னய விழ வச்சப்ப நான் இருந்தேன்ல சார். தப்பு இல்லைன்னு சொல்றப்பவும் நான் இருக்கணும்ல.”

மச்சினன் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு சோலை சொன்னார்: “அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன். வந்து நிக்கிறேன். எல்லாரையும் வரச் சொல்லுங்க. அன்னைக்கி இருந்த அம்புட்டுப் பேரும். அப்பொறம் இங்கிட்டே திரும்பிருவேன். கெணறு பாதியில கெடக்கு. டேங்க இனித் தூக்க மாட்டேன்.”

கூடையில் கால் வைத்து இறங்கினார். நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது பின்னால் சம்மட்டிச் சத்தம் தொடங்கிவிட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

பனி. பஸ் கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்தது.

வாரம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர், “அதுதேன் முடிஞ்சிருச்சே சார்” என்றார்கள். மூன்று பேர் கதவைத் திறக்கவில்லை. பெரியவரிடம் இரண்டு தடவை போனேன். நேற்று மாலைதான் சரி என்றார்.

மங்கையும் வந்தாள். கூப்பிடவில்லை, சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

பத்து மணிக்குச் சாவடியில் அன்றைக்கு இருந்தவர்களில் முக்கால்வாசி. காலனியிலிருந்தும் வந்திருந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. களையெடுத்த கை, நகமெல்லாம் சேறு. எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. வீரணன் எல்லாருக்கும் பின்னால், வேப்பமரத்தடியில் நின்றார்.

சோலை வந்தார். வேட்டி சட்டை. அன்றைக்கு நின்ற அதே இடத்தில் வந்து நின்றார். யாரையும் கும்பிடவில்லை.

நான் பேசினேன். பஸ்ஸில் மனசுக்குள் நன்றாகக் கட்டி வைத்திருந்த பேச்சு. வாய் திறந்ததும் எல்லாம் போய்விட்டது. கோரை விதை, பொறுக்குதல், தொட்டி எதுவும் சொல்லவில்லை.

“அன்னைக்கு இந்த எடத்துல, சரியாக் கலந்திருந்தா செத்திருக்கும்னு சொன்னேன். வயல்ல எறங்கிப் பாக்காமச் சொன்னேன். சோலையண்ணே சரியாத்தான் கலந்தாரு. முழு மருந்தும் அடிச்சாரு. தப்பு அவரு மேல இல்ல. எம் மேல.”

கடைசி வார்த்தை எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பெரியவர் தொண்டையைச் செருமினார், எழுந்திருக்கப் போனார். சோலை கையை லேசாக உயர்த்தினார். வேப்பமரத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல சார்.”

மறுபடி சொன்னேன். உரக்க. முதலிலிருந்து.